திடக்கட்டி வளர்வது ஏற்பியின் சமிக்ஞையாலா, வளர்சிதை மாற்றத்தாலா?

கேள்வி:
வணக்கம். உயிர்வேதியியல் படித்துவருகிறேன். செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள் (வெளியிலிருந்து வரும் சமிக்ஞையை ஏற்கும் புரதங்கள்) ஓயாமல் சமிக்ஞை அனுப்புவதால்தான் திடக்கட்டி, அதாவது உறுப்பில் திரண்டு வளரும் புற்றுக்கட்டி, வளர்கிறது என்று ஒரு பாடம் சொல்கிறது. அடுத்த பாடமோ, ஆக்சிஜன் இருக்கும்போதே குளுக்கோஸை லாக்டேட்டாக மாற்றும் வார்பர்க் விளைவை முன்னிறுத்துகிறது. இவை தனித்தனிக் காரணங்களா? ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) பெறக்கூடிய செல், 2 மட்டுமே தரும் வழியை நாடுவது நட்டமல்லவா?

மறுமொழி 1:
இரண்டும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஈஸ்ட் போன்ற ஒற்றைச் செல் உயிரி, சுற்றிலும் சர்க்கரை கிடைத்தால் எடுத்துக்கொண்டு பெருகும். நம் உடலின் செல்களுக்கு அந்த உரிமை இல்லை. இரத்தத்தில் குளுக்கோஸ் எப்போதும் லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிமோல் அளவில் இருந்தாலும், வளர்ச்சிக் காரணி (பெருகச் சொல்லும் சமிக்ஞைப் புரதம்) வந்து அனுமதி தராத வரை, பெருகுவதற்கு வேண்டிய அளவை அவை உள்ளே இழுப்பதில்லை.

வளர்ச்சிக் காரணியை ஏற்கும் ஈஜிஎஃப்ஆர் என்னும் ஏற்பியைப் பாருங்கள். வளர்ச்சிக் காரணி ஒட்டியதும் இரண்டு ஏற்பிகள் இணைசேர்ந்து, ஒன்றின் வாலிலுள்ள டைரோசின்களில் மற்றொன்று பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அதனால் பிஐ3கே நொதியும், அதன்வழி ஏகேடி என்னும் நொதியும் தூண்டப்பட, குளுட்1 என்னும் குளுக்கோஸ் கடத்திகள் செல்சவ்வுக்கு வந்துசேர்கின்றன. அதே தொடரில் வரும் எம்டார் என்னும் நொதி, புரதமும் கொழுப்பும் ஆக்கும் பணியை முடுக்குகிறது. மார்பகப் புற்றுகளில் 15 முதல் 20 விழுக்காட்டில் ஹெர்2 ஏற்பி அளவுமீறிக் குவிந்து, வெளியிலிருந்து எதுவும் வந்து ஒட்டாமலேயே இணைசேர்ந்துவிடுகிறது. பிஐ3கேயின் வேலையை அழித்துத் திருத்தும் பிடென் புரதத்தை இழந்த கட்டிகளிலோ, ஏற்பியின் சிறு தூண்டல்கூட அடங்காமல் நீள்கிறது.

மறுமொழி 2:
ஏடிபி கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெருகும் செல்லுக்கு ஆற்றலைவிடக் கட்டுமானப் பொருள்தான் பெரிய தேவை. குளுக்கோஸ் முழுவதையும் கார்பன் டை ஆக்சைடாக எரித்துவிட்டால், நியூக்ளியோட்டைடுக்கு வேண்டிய ரைபோஸ், செரின் போன்ற அமினோ அமிலங்கள், சவ்வுக்கான கொழுப்பு ஆகியவற்றுக்குக் கார்பன் எங்கிருந்து வரும்? ஆனால் பாடநூல்கள் இந்த விளக்கத்தோடு நின்றுவிடுவது எனக்கு உடன்பாடில்லை. லாக்டேட்டாக வெளியேறுவதும் அதே கார்பன்தானே. கிளைக்கோலிசிஸ் (குளுக்கோஸை உடைக்கும் முதற்கட்டம்) தடையின்றி ஓட, அதற்கு வேண்டிய என்ஏடி என்னும் துணைமூலக்கூறு, லாக்டேட் உருவாகும்போது மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதையும் சேர்த்தால்தான் லாக்டேட்டுக்குக் காரணம் புரியும்.

ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தரும் செல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா பழுதடைந்ததே புற்றின் தோற்றுவாய் என்று 1956-இல் ஓட்டோ வார்பர்க் வாதிட்டார். அது பெரும்பாலும் பொருந்தவில்லை: பெரும்பாலான கட்டிகளில் மைட்டோகாண்ட்ரியா நன்றாகவே இயங்குகிறது, குளுட்டமின் என்னும் அமினோ அமிலத்தை ஏற்று, அஸ்பார்ட்டேட் போன்ற கட்டுமானப் பொருள்களை ஆக்கித் தருகிறது.

மறுமொழி 3:
திடக்கட்டிக்கே உரிய ஒன்று விடுபட்டுவிட்டது. இரத்தக் குழாயிலிருந்து ஆக்சிஜன் திசுவுக்குள் 100 முதல் 200 மைக்ரோமீட்டர் வரைதான் ஊடுருவும். அதற்கு அப்பாலுள்ள செல்களில், ஆக்சிஜன் இருந்தால் சிதைந்துவிடும் ஹிஃப்-1 புரதம் சிதையாமல் தங்கி, கிளைக்கோலிசிஸ் நொதிகளையும் விஈஜிஎஃப் காரணியையும் பெருக்குகிறது. அந்த விஈஜிஎஃப் குழாய்ச் சுவர்ச் செல்களின் ஏற்பியில் ஒட்டிப் புதுக் குழாய்களை வரவழைக்கிறது. அதாவது இங்கே வளர்சிதை மாற்றத்தின் நெருக்கடியே இன்னொரு ஏற்பியை இயக்குகிறது. செல்கள் ஆக்சிஜனை உணரும் இந்த வழிமுறையைக் கண்டறிந்தமைக்கே 2019-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஏற்பிதான் குளுக்கோஸ் நுகர்வை ஆள்கிறது என்பதற்கு நோயாளிகளிடமே கண்கூடான சான்று உண்டா? சர்க்கரையை உண்ணாதிருந்தால் கட்டி பட்டினி கிடக்குமா?

மறுமொழி 1 எழுதியவர்:
இரண்டாவதற்கு முதலில் விடை: கிடக்காது. உண்ணாவிட்டாலும் கல்லீரல் குளுக்கோஸை ஆக்கி இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். இன்சுலினின் கதை சற்று வேறு. அதன் ஏற்பியும் பிஐ3கே வழியாகவே பேசுகிறது. அல்பெலிசிப் போன்ற, பிஐ3கேயைத் தடுக்கும் புற்று மருந்துகளைத் தரும்போது இரத்தச் சர்க்கரை ஏறி, அதனால் மிகுதியாகச் சுரக்கும் இன்சுலின், மருந்து அடைத்த வழியைக் கட்டியில் ஓரளவு மீண்டும் திறந்துவிடக்கூடும்.

சான்று கேட்டீர்கள். ஜிஸ்ட் எனப்படும் இரைப்பை-குடல் கட்டிகளில் பெரும்பாலானவற்றை இயக்குவது, பிறழ்வுற்ற கிட் ஏற்பி. அதைத் தடுக்கும் இமாட்டினிப் மருந்தைத் தொடங்கிய ஓரிரு நாளிலேயே, குளுக்கோஸ் போன்றதொரு கதிரியக்கப் பொருளைக் கட்டி உறிஞ்சுவது பெட் ஸ்கேனில் வெகுவாகக் குறைந்துவிடுவதுண்டு. சி.டி. ஸ்கேனில் அப்போதும் கட்டியின் அளவு ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும்.