புதுப்பிப்பு: பழைய கணினிகளில் பிஎக்ஸ்இ-இ53 பிழை தீர்ந்தது

பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் ஆறு பழைய கணினிகளை எல்டிஎஸ்பி (கணினிகளை நெட்வொர்க் வழியாக பூட் செய்ய வைக்கும் மென்பொருள்) வழியாக ஒரே சர்வரிலிருந்து இயக்கப் பார்த்தால் பிஎக்ஸ்இ-இ53 (பூட் கோப்பின் பெயர் கிடைக்கவில்லை) என்று நின்றுவிடுகின்றன எனப் போன வாரம் கேட்டிருந்தேனே, எல்லாம் ஓடுகின்றன. உதவிய எல்லாருக்கும் நன்றி.

நெட்வொர்க் ஸ்விட்சை மாற்றியும் பார்த்தேன், பலனில்லை. பலித்தது ப்ராக்ஸி டிஎச்சிபி வைக்கச் சொன்ன அண்ணனின் யோசனைதான்: ஐபி முகவரியை ரவுட்டரே கொடுக்கட்டும், பூட் கோப்பின் பெயரை மட்டும் சர்வரில் உள்ள டிஎன்எஸ்மாஸ்க் நிரல் சொல்லட்டும். (அந்த வசதியை அணைத்து வைத்திருந்தது நானேதான்!)

எதிர்பாராதது, ஒரு கணினி மட்டும் தினமும் காலையில் பூட் வரிசையை மறந்துவிட்டு ஹார்ட் டிஸ்க்கைத் தேடியது. மதர்போர்டில் அமைப்புகளை நினைவில் வைக்கும் சிஆர்2032 பேட்டரி செத்திருந்தது, மாற்றியதும் சரி. அப்புறம், எல்டிஎஸ்பியில் நிரல்கள் ஓடுவது அந்தந்தக் கணினியின் ராமில்தான் என்பதால் 2 ஜிபி உள்ள இரண்டும் திணறின. அவற்றை ரெம்மினா (வேறு கணினியின் திரையை இங்கே காட்டும் நிரல்) மூலம் சர்வரின் எக்ஸ்ஆர்டிபி சேவைக்கே இணைத்துவிட்டேன், நிரல்கள் சர்வரிலேயே ஓடும்.