பூஞ்சண நஞ்சா, பங்கசுத் தொட்சினா? (வெள்ளிக்குள் முடிவு வேண்டும்)

வெள்ளவத்தையிலிருந்து:
வணக்கம். நெல், சோளம் கையாளும் தொழிலாளருக்கான துண்டுப்பிரசுரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தானியத் தூசோடு காற்றில் வரும், பூஞ்சணங்கள் உண்டாக்கும் நஞ்சான மைக்கோடொக்சினுக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். முதல் வரைவில் 'பூஞ்சண நச்சுவாயு' என்றிருக்கிறது. அது பிழை. அஃப்லாடொக்சின் போன்றவை எளிதில் ஆவியாவதில்லை. வித்திகளிலும் (பூஞ்சணம் பரவ விடும் விதை போன்ற நுண்துகள்கள்) தூசுத் துணிக்கைகளிலும் ஒட்டிக்கொண்டுதான் மூச்சோடு உள்ளே போகும். 'வாயு' என்று வாசிப்பவர் வாயுவை உறிஞ்சும் கரி வடி மட்டும் உள்ள முகமூடியை வாங்குவார். கரி தூசை மறிக்காது. வேண்டியது என்95 போன்ற துணிக்கை வடி.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
பூஞ்சணத்துக்குப் பாடப்புத்தகத்தில் பங்கசுதானே. ஒட்சிசன் எழுதுகிற நாங்கள் பங்கசுத் தொட்சின் என்று எழுதினால் என்ன? சாதாரண தரம் படிக்கிற பிள்ளைக்கும் விளங்கும்.

தெஹிவளையிலிருந்து:
பிள்ளைக்கு விளங்கும், சாக்குத் தூக்கும் தகப்பனுக்கு? பாணில் பிடிப்பது பூஞ்சணம். ஆகவே பூஞ்சணநஞ்சு. 'நச்சு' என்று முடிக்கவேண்டாம்: மென்றொடர் வன்றொடராவது (ஞ், ம் போன்ற மெல்லெழுத்து ச், ப் ஆவது) பின்னால் சொல் வரும்போதுதான். இரும்பு, இருப்புப்பாதை, நஞ்சு, நச்சுப்பொருள். தானியத் தூசு என்பதையும் கூலத்தூசு ஆக்கலாம். மணிமேகலை பாடியவரே கூலவாணிகன். இன்னொன்று: டொக்சினின் வேர் கிரேக்கத்தில் வில்லைக் குறிக்கும் சொல். அம்பில் தடவிய நஞ்சுதான் அது. இங்கே தூசே அம்பு. 'கணைநஞ்சு' எப்படி?

கொட்டாஞ்சேனையிலிருந்து:
ஐயா, வில்லை விடுங்கோ. கூலத்தூசு என்று அடித்தால் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைமார் கூலி பற்றிய அறிவித்தல் என்று ஓடிவருவார்கள்.

மருதானையிலிருந்து:
சொல் எதுவானாலும் மூன்றாம் பந்தியைத் திருத்துங்கள். பூஞ்சணம் பிடித்த தானியத்தை அள்ளிக்கொட்டி 4 முதல் 12 மணித்தியாலத்துக்குள் காய்ச்சல், குளிர், உடம்பு உளைவு, வறட்டு இருமல் வரலாம். அதை 'பூஞ்சண நஞ்சுக் காய்ச்சல்' என்று போட்டிருக்கிறது. நஞ்சை மட்டும் குற்றஞ்சொல்ல முடியாது. வித்திகளுக்கும் பற்றீரியாவின் கலச்சுவரிலுள்ள அகநச்சுக்கும் (எண்டொடொக்சின்) அதில் பங்குண்டு. தூசுக்காய்ச்சல் என்றால் போதும். ஓரிரு நாளில் தணிவதால் தடிமன் என்று நினைத்து மறுபடி அதே குவியலுக்குள் இறங்குவார்கள். முகமூடியின் இரண்டு பட்டிகளையும் போடச்சொல்லுங்கள். தாடி இருந்தால் ஓரத்தால் தூசு புகும் என்பதும் வரைவில் இல்லை.

தெஹிவளையிலிருந்து:
அகநஞ்சு!

கொட்டாஞ்சேனையிலிருந்து:
எனக்கு இன்னொரு தடை. பூஞ்சண நஞ்சு என்றால், பூஞ்சணத்தைத் தட்டிவிட்டால் நஞ்சும் போய்விடும் என்று படும். தட்டும்போதுதான் வித்தி கிளம்புகிறது. நெல்லை 14 சதவீத ஈரப்பதனுக்குக் காயவைத்தால் பூஞ்சணம் வளராது. முன்பே ஊறிய நஞ்சு அப்படியே இருக்கும். தொட்சின் என்றால் தனிப் பொருள் என்றாவது தெரியும்.

மருதானையிலிருந்து:
நியாயம். ஆனால் அந்த இரண்டு வசனங்களையும் அப்படியே பிரசுரத்தில் போட்டால் சொல்லின் குறை தீரும். கூட்டும்போது தண்ணீர் தெளிப்பது வெறும் நிலத்தில் மட்டும், தானியத்தில் படாமல் என்பதையும் சேருங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து:
அச்சகத்திலிருந்து இரண்டு தரம் தொலைபேசி எடுத்துவிட்டார்கள். 'பூஞ்சண நஞ்சு' என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் மைக்கோடொக்சின். தானியத் தூசு தானியத் தூசாகவே இருக்கும். கொட்டாஞ்சேனையின் மறுப்பு பதிவாகிறது.

தெஹிவளையிலிருந்து:
பூஞ்சணநஞ்சு ஒரே சொல். இடைவெளி விடுவதானால் என் பெயரை எடுத்துவிடுங்கள்.