கூட்டத்தொடர் முடிந்ததும் எம்எல்ஏ தொகுதிக்குக் கணக்குச் சொல்ல வேண்டுமா?

காவிரிக்கரை:
தமிழ்நாடு சட்டமன்றத்தின் 2025 பட்ஜெட் கூட்டத்தொடர் மார்ச் 14-ல் தொடங்கி ஏப்ரல் கடைசி வரை நடந்தது. முடிந்த கையோடு எங்கள் தொகுதி எம்எல்ஏ நான்கு பக்க அறிக்கை ஒன்றை அச்சடித்து வீடு வீடாகக் கொடுக்கச் செய்திருக்கிறார். டெல்டாவில் ஒரு தொகுதி, அவ்வளவு போதும். கட்சிப் பெயர் வேண்டாம், எந்தக் கட்சியாக இருந்தாலும் என் கேள்வி இதேதான்.

அறிக்கை வந்ததை வரவேற்கிறேன். முன்பு இருந்தவர்கள் இதைக்கூடச் செய்ததில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது? முதல் பக்கம் முழுக்கத் தலைவர்களின் படங்கள். அடுத்த பக்கம் பட்ஜெட் உரையிலிருந்து எடுத்த அறிவிப்புகள். மூன்றாம் பக்கத்தில்தான் அவர் பேசியது வருகிறது: வடிகால் வாய்க்கால் தூர்வார வலியுறுத்தினேன், அரசு மருத்துவமனைக்கு ஸ்கேன் கருவி கேட்டேன், புறவழிச்சாலை பற்றிப் பேசினேன். எந்தத் தேதியில், எந்தத் துறை மானியக் கோரிக்கையில், அதாவது துறைச் செலவுக்கு அவை ஒப்புதல் தரும் விவாதத்தில் என்று இல்லை. அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்று ஒரு வரி கிடையாது. நிறைவேறிய மசோதாக்களில் இவர் நிலைப்பாடு என்ன என்பதும் இல்லை.

ஊராட்சித் தலைவர் கிராம சபையில் ஊர் மக்கள் முன்னால் வரவு செலவை வைத்தாக வேண்டும். ஆண்டுக்கு நான்கு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் செலவுக்கு ஒப்புதல் தரும் அவையில் உட்காருபவருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. கூட்டத்தொடர் முடிந்து ஒரு மாதத்துக்குள் எழுத்தில் கணக்குத் தருவதை எல்லா எம்எல்ஏக்களுக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்கிறேன்.

தெருவிளக்கு:
எனக்கு உடன்பாடு இல்லை. நான் கட்சிக்காரன், மறைக்கவில்லை. பல வருடங்களாக எம்எல்ஏ அலுவலகத்துக்குப் போய் வருகிறேன். காலையில் அங்கே வரிசையில் நிற்பவர்கள் யார் என்று வந்து பாருங்கள். முதியோர் உதவித்தொகை நின்றுபோன பாட்டி, பட்டா மாறுதலுக்கு அலைகிறவர், அரசு மருத்துவமனையில் படுக்கை கிடைக்காதவர். இவர்களில் ஒருவர்கூட "கடன் வசூல் மசோதாவில் உங்கள் நிலைப்பாடு என்ன" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. தாசில்தாருக்கு ஒரு போன் போட்டால் அவர்கள் வேலை முடிகிறது. அதுதான் அவர்களுக்கு எம்எல்ஏ.

நீங்கள் சொல்வதைக் கட்டாயமாக்கினால் அறிக்கையை எம்எல்ஏ எழுதப்போவதில்லை, கட்சியின் ஐடி விங் எழுதும். 234 தொகுதிக்கும் ஒரே அறிக்கை, படம் மட்டும் மாறும். செலவுதான் மிச்சம்.

மருதாணி:
தெருவிளக்கு அண்ணா, அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். அதனால் சொல்கிறேன், மசோதா எங்களுக்கு வேண்டாத விஷயம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

கடன் வசூலில் மிரட்டுவதைத் தடுக்க இந்தக் கூட்டத்தொடரில் ஒரு மசோதா நிறைவேறியது. எங்கள் தெருவில் வாரத் தவணைக்காரர்கள் வாசலில் வந்து உட்காருவதைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். அறிக்கையில் அதற்கு ஒரே ஒரு வரி: "கடன் தொல்லைக்கு முற்றுப்புள்ளி." எந்த மாதிரி நிறுவனங்களுக்கு இது பொருந்தும்? குழுக் கடன் கொடுப்பவர்கள் அதில் வருவார்களா? ஆளுநர் ஒப்புதலுக்குப் பிறகு நாங்கள் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? எங்கள் மகளிர் குழுப் பெண்கள் என்னிடம் கேட்டதெல்லாம் இதைத்தான். பதில் சொல்ல வேண்டியவர் அந்த அவைக்குள் உட்கார்ந்திருந்தவர்.

இன்னொன்று. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் மசோதாக்களை முதலமைச்சரே ஏப்ரல் 16-ல் தாக்கல் செய்தார். என் தம்பி மாற்றுத்திறனாளி. அறிக்கையைப் படித்துவிட்டு "விண்ணப்பம் எங்கே கொடுக்கணும்" என்று சந்தோஷமாகக் கேட்டான். ஆனால் 28 மாவட்டங்களில் ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியே முடிந்துவிட்டது. தனி அலுவலர்கள்தான் நடத்துகிறார்கள். எங்கள் ஊரில் இப்போது மன்றமே இல்லை, அப்புறம் எதில் போய் உறுப்பினராவது? நல்ல சட்டம், மனதார வரவேற்கிறேன். எப்போது நடைமுறைக்கு வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அவன் ஏமாந்திருக்க மாட்டான்.

நீதிமன்றத்தெரு:
நான் காவிரிக்கரையின் நோக்கத்தை மதிக்கிறேன், ஆனால் அவர் கேட்கும் கணக்கை எம்எல்ஏவால் தர முடியாது. நம் அமைப்பு அப்படி.

கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணை 1985-ல் அரசியலமைப்பில் சேர்ந்த நாளிலிருந்து கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும். எனவே மசோதாவில் தனிப்பட்ட நிலைப்பாடு என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது, கட்சியின் நிலைப்பாடுதான். அடுத்தது, கிட்டத்தட்ட எல்லா மசோதாவும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகிறது. "ஆம் என்போர், இல்லை என்போர்" என்று பேரவைத் தலைவர் கேட்பார், சத்தம் வரும், நிறைவேறியது என்பார். யார் குரல் எது என்று பதிவு இல்லை. ஆள் ஆளாக எண்ணிய வாக்கெடுப்பு என்றால் 2017 பிப்ரவரி 18 நம்பிக்கைத் தீர்மானம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அன்று பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள், 122-க்கு 11. அந்த மாதிரி நாள் அபூர்வம்.

இல்லாத பதிவை வைத்து எப்படிக் கணக்குக் காட்டுவார்?

காவிரிக்கரை:
நீதிமன்றத்தெரு சார், நீங்கள் சொன்ன காரணமே என் பக்கத்துக்கு வலு சேர்க்கிறது. பதிவு இல்லை என்பதால்தான் அவர் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது.

2023 ஏப்ரல் 21-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தொடரின் கடைசி நாள். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா அன்று குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆளும் திமுகவின் கூட்டணியில் இருந்த கம்யூனிஸ்ட் கட்சிகள், விசிக, காங்கிரஸ், மதிமுக எல்லாம் எதிர்த்து வெளியே வந்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. 24-ம் தேதி நிறுத்திவைப்பதாக அறிவிப்பு, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவிப்பு. அவையில் அதற்குக் குரல் கொடுத்த உறுப்பினர்களில் எத்தனை பேர் தன் தொகுதித் தொழிலாளியிடம் "நான் ஏன் ஆதரித்தேன்" என்று விளக்கினார்கள்?

அதே நாளில் நில ஒருங்கிணைப்பு மசோதாவும் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. பெரிய திட்டங்களுக்கு நிலம் சேர்க்கும்போது அதற்குள் நீர்நிலை இருந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றிய சட்டம் அது. ஏரியையும் வாய்க்காலையும் நம்பி வாழும் எங்களுக்கு அது சட்டமான பிறகு, விவசாயச் சங்கத்துக்காரர்கள் சொல்லித்தான் தெரிந்தது. கொறடா வாக்கைத்தான் கட்டுப்படுத்துகிறார். தொகுதிக்கு வந்து என்ன நடந்தது என்று விளக்குவதை எந்தக் கொறடாவும் தடுக்கவில்லை.

தெருவிளக்கு:
சரி, விளக்கட்டும். ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் எதை வைத்து அளப்பீர்கள்? எத்தனை முறை பேசினார் என்பதை வைத்துத்தானே? யார் பேசுவது, எவ்வளவு நேரம் என்பதைக் கட்சிதான் தீர்மானிக்கிறது. சின்னக் கட்சி உறுப்பினருக்கும், முதல்முறை ஜெயித்து வந்த பெண்ணுக்கும் கிடைப்பது சில நிமிடங்கள். எதிர்க்கட்சி எம்எல்ஏ என்றால் கேட்டது எதுவும் கிடைக்காது. அவர் வெறும் கையோடு வந்து அறிக்கை கொடுப்பார். பக்கத்துத் தொகுதியில் ஆளுங்கட்சிக்காரர் அரசு கட்டிய பள்ளிக் கட்டடத்தையெல்லாம் தன் சாதனையாக எழுதிவிடுவார். ஜனங்கள் எதை நம்புவார்கள்?

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. அதில் எந்த ஊருக்கு எவ்வளவு என்று போர்டு வைக்கச் சொல்லுங்கள், நானும் கூடவே வந்து கேட்கிறேன். அது கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய கணக்கு.

ஓய்வுபெற்றவன்:
மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இரு தரப்பும் விட்டுவிட்ட ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

சட்டமன்றக் கேள்வியைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். கூட்டத்தொடர் நடக்கும்போது "சட்டமன்ற வினா, மிக அவசரம்" என்று ஒரு கோப்பு வந்தால் மற்ற எல்லாவற்றையும் ஓரம் வைப்போம். வட்டாட்சியர், பொறியாளர், வட்டார வளர்ச்சி அலுவலர் என எல்லோரையும் பிடித்து அன்று மாலைக்குள் விவரம் போயாக வேண்டும். வருடக்கணக்கில் நகராத வாய்க்கால் ஆக்கிரமிப்புக் கோப்பு ஒரு வினாவால் எழுந்து நடந்ததைப் பார்த்திருக்கிறேன். மனு கொடுத்த விவசாயியால் முடியாததை ஒரு உறுப்பினரின் ஒற்றைக் கேள்வி செய்தது.

ஆனால் பதிலைப் படிக்கத் தெரிய வேண்டும். "அத்தகைய கருத்துரு ஏதும் அரசின் பரிசீலனையில் இல்லை" என்றால் கதவு மூடியாயிற்று. "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்றால் இந்த ஆண்டு கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம். "ஆய்வு செய்யப்பட்டு வருகிறது" என்றால் மாவட்டத்திலிருந்து அறிக்கை கேட்டிருக்கிறார்கள், அதைத் துரத்தலாம். மானியக் கோரிக்கையில் அமைச்சர் அறிவித்தே விட்டாலும் வேலை தொடங்கிவிடாது. நிர்வாக ஒப்புதல், அரசாணை, தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி என்று வரிசையாக இருக்கிறது. நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். அமைச்சர்கள் அவையில் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கவே அரசு உறுதிமொழிக் குழு என்று சட்டமன்றத்தில் ஒரு குழு இருக்கிறது. அதற்கு எழுதலாம் என்பது பல உறுப்பினர்களுக்கே நினைவில் இருப்பதில்லை.

அதனால் எம்எல்ஏவிடம் "எத்தனை முறை பேசினீர்கள்" என்று கேட்காதீர்கள். "வடிகாலுக்கு என்ன பதில் வந்தது, அரசாணை எண் என்ன" என்று கேளுங்கள். அரசாணை எண்ணை ஐடி விங் கற்பனையாக எழுத முடியாது. எழுதினால் ஒரே நாளில் மாட்டிக்கொள்ளும்.

நீதிமன்றத்தெரு:
ஐயா சொன்னது சரியான அளவுகோல். ஆனாலும் இந்தப் பொறுப்பை 234 பேர் தலையில் தனித்தனியாக வைப்பதை விட அவை நடவடிக்கை முழுவதையும் மக்கள் முன் திறந்து வைப்பதுதான் சரி என்பேன். கேள்வி நேர நேரலை 2022 ஜனவரி 6-ல்தான் தொடங்கியது. அதிலும் எங்களைக் காட்டுவதில்லை என்று எதிர்க்கட்சி புகார் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஆண்டுக்கு 100 நாள் அவை நடக்கும் என்று 2021 தேர்தல் அறிக்கையில் திமுக சொன்னது, அதற்கு அருகில்கூட எந்த ஆண்டும் வரவில்லை. நாள் கூடினால் மசோதாவுக்கு விவாத நேரம் கிடைக்கும், கடைசி நாளில் கட்டாக நிறைவேற்ற வேண்டிவராது. முழு நேரலையும் தேடிப் பார்க்க வசதியான அவைக்குறிப்பும் இருந்தால் யாருடைய அறிக்கையும் தேவையில்லை. நாமே பார்த்துக்கொள்ளலாம்.

மருதாணி:
சார், நேரலை வரட்டும், கண்டிப்பாக வரட்டும். ஆனால் நடவு நேரத்தில் பகல் முழுக்க டிவி முன்னால் யார் உட்காருவது? அவைக்குறிப்பைத் தேடிப் படிக்க உங்களால் முடியும். எங்கள் குழுவில் இருப்பவர்களுக்கு ஒருவர் நேரில் வந்து சொல்லி, நாங்கள் திருப்பிக் கேட்க வேண்டும். எனக்கு அச்சடித்த தாளை விட அதுதான் பெரிது. ஒன்றியத்துக்கு ஒரு இடத்தில், ஞாயிற்றுக்கிழமை, மைக்கை எங்கள் கையிலும் கொடுக்கிற கூட்டம்.

தெருவிளக்கு:
மருதாணி சொல்கிற கூட்டத்துக்கு நான் ஒத்துக்கொள்கிறேன் தங்கச்சி. சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்துவதைத்தான் இன்னமும் எதிர்க்கிறேன். 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலினே, மானியக் கோரிக்கையில் என்னைப் புகழ்ந்து நேரத்தை வீணாக்கினால் நடவடிக்கை எடுப்பேன் என்று சொந்தக் கட்சி உறுப்பினர்களை எச்சரித்தார். அப்படியும் புகழுரை நின்றபாடில்லை. தலைவர் சொல்லியே மாறாத பழக்கம் ஒரு சட்டப்பிரிவால் மாறும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. தொகுதிக்காரர்கள் நேருக்கு நேர் கேட்டால் மாறும். கேட்பவர்கள் எங்கள் கட்சிக்காரர்களாக இருந்தாலும் நல்லது.

காவிரிக்கரை:
தெருவிளக்கு அண்ணே, கேட்பவர்கள் இருக்கும் தொகுதியில் மட்டும் கணக்குக் கிடைப்பது எனக்குப் போதவில்லை. கேட்கத் தயங்குகிற ஊருக்கும் அது வர வேண்டும், அதற்குத்தான் கட்டாயம் என்கிறேன். சம்பளமும் படியும் சேர்த்து மாதம் 1,05,000 ரூபாய் என்று அவர்களுக்கு 2018-ல் சட்டம் திருத்தித்தானே உயர்த்தினார்கள்? அதற்கு முடிந்த சட்டம் இதற்கும் முடியும்.

எங்கள் எம்எல்ஏவுக்கு ஒரு கடிதம் எழுதப்போகிறேன். மூன்றே கேள்வி. வடிகால், ஸ்கேன், புறவழிச்சாலை மூன்றுக்கும் அவையில் வந்த பதிலின் நகல் வேண்டும். அரசாணை வந்திருந்தால் அதன் எண், வராவிட்டால் கோப்பு எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்ற விவரம். கடன் மசோதா பற்றியும் உள்ளாட்சி நியமனம் பற்றியும் மருதாணி அக்கா கேட்டவற்றுக்கு விளக்கம். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் சொல்லுங்கள்.

மருதாணி:
எங்கள் குழு மொத்தமும் போடும்.

தெருவிளக்கு:
நான் போட மாட்டேன், அது சரியாக இருக்காது. ஆனால் கடிதத்தோடு வாருங்கள், நானே உள்ளே அழைத்துப் போகிறேன். வடிகாலை முதல் கேள்வியாக வையுங்கள். ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறந்துவிட்டால் அதற்குப் பிறகு தூர்வாரியும் பிரயோஜனமில்லை.

ஓய்வுபெற்றவன்:
நகல் ஒன்றை நீர்வளத் துறை செயற்பொறியாளருக்கும் அனுப்புங்கள். கடிதத்தில் எம்எல்ஏ அறிக்கையின் மூன்றாம் பக்கத்தை இணையுங்கள். உறுப்பினர் அவையில் வலியுறுத்தியதாக அச்சில் இருப்பதால் அங்கே அதைச் சும்மா ஓரம் வைக்க மாட்டார்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.