அதிகம் வரும் சொற்களில் இலக்கியம் இருக்கிறதா?

நெய்தல்: எந்த ஆங்கில நாவலை எண்ணினாலும் ‘தி’, ‘ஆஃப்’, ‘அண்ட்’ போன்றவைதான் முன்னால் நிற்கின்றன. 1961இல் அச்சான எழுத்துகளிலிருந்து பிரவுன் பல்கலைக்கழகம் தொகுத்த பத்து லட்சம் சொற்களில் ‘தி’ மட்டும் ஏறக்குறைய 7 சதவீதம். அடுத்த ‘ஆஃப்’ அதில் பாதி. எண்ணிக்கை வரிசையில் இரண்டாவது சொல் முதலாவதில் பாதி, மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு என்று குறைந்துகொண்டே போகும் என்ற ஜிப்ஃப் விதி சொன்னபடியே. ஆனால் குரங்கு கண்டபடி தட்டச்சினாலும் இதே போன்ற வளைகோடு வரும் என்று 1957இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் காட்டிவிட்டார். பிறகு இதில் இலக்கியம் எங்கே? திமிங்கல வேட்டை நாவலான ‘மோபி டிக்’கில் ஆயிரம் தடவைக்கு மேல் வரும் திமிங்கலத்தைப் பிடியுங்கள். பெயர்ச்சொல்லில்தான் கதை இருக்கிறது.

தச்சன்: குரங்குக்கு இலக்கணம் கிடையாது, நண்பரே. அதன் கணக்கில் ஒரே நீளமுள்ள சொற்களெல்லாம் ஒரே அளவில்தான் வரும். ஆங்கிலத்தில் ‘ஆஃப்’ (of), எருதைக் குறிக்கும் ‘ஆக்ஸ்’ (ox) இரண்டுமே ஈரெழுத்துச் சொற்கள். முதலாவது பக்கத்துக்குப் பக்கம் வருகிறது, இரண்டாவதைத் தேட வேண்டியிருக்கிறது. உச்சியில் ‘தி’, ‘ஆஃப்’ போன்ற இலக்கணச் சொற்கள் குவிவதும், அடியில் ஒரே ஒருமுறை வரும் பெயர்களும் வினைகளும் பெயரடைகளும் நீண்டு கிடப்பதும் மொழியின் வேலை. இலக்கணச் சொற்களின் தொகை சிறியது, புதிதாக யாரும் சேர்ப்பதில்லை. அதனால்தான் எழுதுபவரின் பழக்கம் அங்கே படிகிறது.

அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 1787-88இல் ‘பப்ளியஸ்’ என்ற புனைபெயரில் வந்த 85 கட்டுரைகளில் 12 கட்டுரைகள் அரசியல் தலைவர்களான ஹாமில்டன், மேடிசன் இருவரில் யாருடையவை என்று வழக்கு. ஹாமில்டன் ‘அப்பான்’ (upon) என்ற சொல்லை ஆயிரம் சொற்களுக்கு மூன்று தடவை போல எழுதுவார். மேடிசனிடம் அது அபூர்வம். இப்படிப்பட்ட சொற்களை எண்ணித்தான் 1964இல் புள்ளியியலாளர்கள் மோஸ்டெல்லரும் வாலஸும் பன்னிரண்டும் மேடிசனுடையவை என்றார்கள்.

நெய்தல்: அது துப்பறிதல். யார் எழுதினார் என்று தெரிந்தால் கட்டுரை நன்றாகிவிடுமா?

கயல்: ஜேன் ஆஸ்டின் நாவல்களில் மிகச் சாதாரணமான 30 சொற்களை எடுத்துக்கொண்டு, பாத்திரத்துக்குப் பாத்திரம் பேச்சு வேறுபடுவதை 1987இல் இலக்கிய ஆய்வாளர் ஜான் பர்ரோஸ் காட்டினாரே. அது இலக்கியம் இல்லையா?

நெய்தல்: உரையாடல் கூடினால் ‘ஐ’, ‘யூ’ கூடும், வருணனை கூடினால் ‘தி’, ‘ஆஃப்’ கூடும். அதை எண்ணிவிட்டு ஆளுமை என்கிறீர்கள்.

கயல்: அவர் வருணனையைத் தள்ளிவைத்து, பேச்சைப் பேச்சோடு ஒப்பிட்டார். உங்கள் கேள்வி அங்கே எழாது.

நெய்தல்: நல்ல வாசகருக்கு அந்த வேறுபாடு எண்ணாமலே காதில் விழும்.

தச்சன்: அந்த 12 கட்டுரைகளை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நல்ல வாசகர்கள்தான் படித்தார்கள். வழக்கு ஓயவில்லை.