மவுன்ட் தோற்றால் மெமரி கசிகிறது: பேட்ச் போடுவதா, ரீபூட் போதுமா?

கரிச்சான்:
எங்கள் லினக்ஸ் கருவியில் 16 எம்பி ரேம், நார் ஃபிளாஷ் சிப்பில் ஜேஎஃப்எஃப்எஸ்2 (ஃபிளாஷுக்கான ஃபைல் சிஸ்டம்), கர்னல் பழசு. டேட்டா பார்ட்டிஷன் மவுன்ட் ஆகாவிட்டால், அதாவது பயன்பாட்டுக்கு இணையாவிட்டால், ஒரு ஸ்கிரிப்ட் பத்து நொடிக்கு ஒருமுறை திரும்ப முயலும். அரை மணிக்குள் மெமரி தீர்ந்து ஓஓஎம் (அவுட் ஆஃப் மெமரி) வந்துவிடுகிறது. க்யூஇஎம்யூ எமுலேட்டரில், கர்னலின் மெமரி கசிவைக் கண்டுபிடிக்கும் கேமெம்லீக்கைப் போட்டுப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. ஜேஎஃப்எஃப்எஸ்2-வில் சம்மரி வசதி (மவுன்டை வேகமாக்கும் பிளாக் சுருக்கம்) இயக்கத்தில் இருந்தால் மவுன்டின் தொடக்கத்திலேயே அதற்கென ஒரு பஃபர் (தற்காலிக மெமரி) எடுக்கிறார்கள். எரேஸ் பிளாக் (ஃபிளாஷில் ஒரே தடவையில் அழிக்கும் பகுதி) எவ்வளவோ அவ்வளவு, 64 கேபிக்கு மேல் போகாது. அடுத்த படியில் ஃபைல் சிஸ்டத்தைக் கட்டுவது தோற்றால் அந்த பஃபரை யாரும் விடுவிப்பதில்லை. மூல கர்னலில் 2022-லேயே சரிசெய்துவிட்டார்கள். அதை எடுத்துப் போடலாம் என்றால், குழுவில் "ரீபூட் ஆகட்டும், விடு" என்கிறார்கள்.

மின்கம்பி:
உங்கள் குழு சொல்வதுதான் சரி. கெட்டுப்போன பார்ட்டிஷன் நூறு தடவை கேட்டாலும் மவுன்ட் ஆகாது. அதற்காக யாரும் சோதித்துப் பார்க்காத எரர் பாதையில் கை வைப்பானேன்? அதே ஜேஎஃப்எஃப்எஸ்2-வில், அதே 2022-இல் திருத்தப்பட்ட இன்னொரு பிழையைப் பாருங்கள். மவுன்ட் தோற்றதும் எக்ஸ்ஆட்டர் (ஃபைலோடு சேரும் கூடுதல் பண்புகள்) பகுதியை உள்ளே ஒரு ஃபங்ஷன் துடைக்கிறது, வெளியே அதை அழைத்த ஃபங்ஷனும் மறுபடி துடைக்கிறது. விளைவு, விடுவித்த மெமரியைத் தொடும் யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ. கசிந்தால் கருவி அரை மணி தாங்கும். இதில் எப்போது என்ன ஆகும் என்றே சொல்ல முடியாது.

கரிச்சான்:
ரீபூட் ஆனால் மட்டும் என்ன, எழுந்ததும் அதே ஸ்கிரிப்ட் அதே பார்ட்டிஷனில்தான் போய் முட்டும். ரூட் தனியாக, படிக்க மட்டும் முடிகிற ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸில் இருக்கிறது. டேட்டா இல்லாமலும் கருவி உயிரோடிருந்து தகவல் அனுப்ப முடியும், அதைக் கெடுப்பதே இந்தக் கசிவுதான். நீங்கள் சொன்ன இரட்டைத் துடைப்பு, யார் எடுத்தார்களோ அவர்களே விடுவிக்க வேண்டும் என்பதை மீறியதால் வந்தது. எடுத்த வரிசைக்குத் தலைகீழாக கோட்டூ லேபிள்கள் (பிழை வந்தால் கோடு குதித்துப் போகும் இடங்கள்) வைத்தால் அது வராது.

சோளக்கொல்லை:
இடையில் ஒன்று. ஆர்ம் 2017-இல் வெளியிட்ட லிட்டில்எஃப்எஸ் என்ற மைக்ரோகன்ட்ரோலர் ஃபைல் சிஸ்டத்தில் பஃபர்களை நாமே ஸ்டாட்டிக்காகக் (முன்கூட்டியே ஒதுக்கி) கொடுக்கலாம், ஓடும்போது மெமரி கேட்கும் மல்லாக்கே வேண்டாம். காலி பிளாக் பட்டியலையும் அது ஃபிளாஷில் எழுதி வைப்பதில்லை, ஃபைல் சிஸ்டத்தை நடந்து பார்த்துக் கண்டுபிடிக்கிறது. நடுவில் கரன்ட் போனாலும் பிளாக் தொலையாது.

மின்கம்பி:
லினக்ஸ் பெட்டியில் அதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? அங்கேயும் ஸ்டாக்கில் (ஃபங்ஷன் முடிந்ததும் போய்விடும் மெமரியில்) வைத்த ஃபைலை மூட மறந்துவிட்டு ஃபங்ஷனிலிருந்து திரும்பிப் பாருங்கள். திறந்த ஃபைல்களின் லிங்க்டு லிஸ்ட் செத்த முகவரியைப் பிடித்துக்கொண்டு தொங்கும். மல்லாக் இல்லையென்றால் கசிவு இல்லை, சரி. பாதுகாப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கரிச்சான்:
எக்ஸ்ஆட்டர் திருத்தத்தையும் சேர்த்தே எடுத்துவிட்டேன். கர்னலின் ஃபெயில்ஸ்லாப் வசதியை வைத்து மெமரி அலகேஷன்களை வேண்டுமென்றே தோற்கடித்தேன், இரவு முழுக்க மவுன்ட் ஓடியது. கேமெம்லீக் வாய் திறக்கவில்லை, யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீயைப் பிடிக்கும் கேஏசானும்தான். யாரும் சோதிக்காத பாதை என்றீர்களே, இப்போது சோதித்தாயிற்று.

மின்கம்பி:
அப்படிச் சோதித்திருந்தால் போடுங்கள், மறுக்கவில்லை. ஆனால் ஸ்கிரிப்ட் மூன்று முறையோடு நிற்கட்டும்.

கரிச்சான்:
மூன்று போதாது. எங்கள் போர்டில் பவர் வந்த புதிதில் வோல்டேஜ் நிலைப்பதற்குள் முதல் சில ரீட்கள் தப்பாக வரும். நான்காவது முயற்சியில் மவுன்ட் ஆனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.