பொருள்: பானிக்குலைட்டிஸ் – கொழுப்பழற்சியா, நிணவழற்சியா?

தொகுப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நோய்க்கூற்றியல் மாணவர்களுக்கான கையேட்டில் தோல் பற்றிய இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பில் வரும் அழற்சியான பானிக்குலைட்டிஸ் என்பதற்கும், அதை நுண்ணோக்கியில் பிரித்தறிய முதலில் தேவைப்படும் இரண்டு சொற்களுக்கும் இன்னும் தமிழ் அமையவில்லை. தோலடிக் கொழுப்பு, குறுக்கே அரிந்த ஆரஞ்சுப் பழம்போல, சிறு சிறு கொழுப்புத் திரள்களாகவும் அவற்றுக்கிடையே ஓடும் நார்ச்சுவர்களாகவும் அமைந்தது. அழற்சி பெரிதும் சுவரில் இருக்கிறதா, திரளில் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. இரத்தக்குழாய் அழற்சி உண்டா என்பது அடுத்த கேள்வி. இதன் வகைகளில் எரித்திமா நோடோசம் சுவரைப் பற்றும், குழாயை விட்டுவிடும். எரித்திமா இன்டியுரேட்டம் திரளைப் பற்றும், அதில் குழாயும் பழுதுபடும். தோலடிக் கொழுப்பழற்சி, இடைச்சுவர், சுளை என்ற மூன்றையும் முன்வைக்கிறேன்.

தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, கொழுப்பு என்பது இன்று பேச்சில் திமிரையும் குறிக்கும் சொல். சங்கப் பாடல்கள் ஆளும் 'நிணம்' இருக்க அது எதற்கு? நிணம், அழற்சி இரண்டும் சேர மகரம் கெட்டு, வகர உடம்படுமெய் பெற்று 'நிணவழற்சி' என ஒரே சொல்லாக நிற்கும். இலத்தீனில் பானிக்குலஸ் என்றால் சிறு துணி என்றே பொருள். அவர்கள் கொழுப்பைச் சொல்லவே இல்லை. அந்த வழியில் போனால் நமக்குத் 'துகில்' இருக்கிறது. தோலுக்கு அடியில் உடலைப் போர்த்தும் படலத்தை 'ஊன்துகில்' என்றால் பொருளும் அழகும் ஒருங்கே அமையும். சுளை பழத்துக்கு உரியது. பள்ளி நூல்களில் வழங்கும் 'கதுப்பு' போதும்.

தொகுப்பாளர் எழுதியது:

ஐயா, நிணம் பழஞ்சொல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மருத்துவத்தில் நிணநீர், நிணநீர்க்கணு என்று அது வேறு பொருளில் வேரூன்றிவிட்டது. லூப்பஸ் நோயில் நிணநீரணுக்கள் என்னும் வெள்ளையணுக்கள் கொழுப்புச் சுளைக்குள் குவிகின்றன. அவற்றில் ஒருவகையான டி அணுவில் வரும் ஒரு புற்றிலோ, இயல்பு திரிந்த நிணநீரணுக்கள் ஒவ்வொரு கொழுப்பணுவையும் மாலைபோல் சூழ்கின்றன. இவ்விரண்டையும் வேறுபடுத்துவதுதான் எங்கள் வேலையிலேயே கடினமானது. அங்கே 'நிணவழற்சி' என்று எழுதினால் மாணவர் நிணநீர்க்கணு அழற்சி என்றே கொள்வார். பழம்பொருளே அளவுகோல் என்றால், சங்கப் பாடல்களில் கூந்தலைக் குறிக்கும் கதுப்பையும் நாம் தொட முடியாது. மேலும், திசுவைப் பதப்படுத்தும் ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடுவதால் கண்ணாடித் தகட்டில் மாணவர் காண்பது வெற்றறைகளையே. அவற்றை ஒரு கூட்டமாகக் காணக் கண்ணுக்குப் பழகிய உருவம் வேண்டும். சுளை அதைத் தருகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் எழுதியது:

கொழுப்பழற்சிக்கு என் ஆதரவு உண்டு. உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும் என்ற நன்னூல் விதிக்கும் அது அடங்கும். ஆனால் 'அணு' என்பதை நாங்கள் இயற்பியலுக்கே விட்டுவிட்டோம். இங்கே 'கலம்' என்போம். கணைய நோயில் கரு மறைந்து, சுவர் மட்டும் தடித்து மங்கலாக நிற்கும் கொழுப்புக் கலங்களைப் 'பேயணு' என்று வரைவில் கண்டேன். 'நிழற்கலம்' என்றால் தகட்டில் தெரிவதை அப்படியே சொல்லும்.

தொகுப்பாளர் எழுதியது:

நிழல் என்ற பகுதியை நன்றியுடன் ஏற்கிறேன். கையேடு முழுவதும் அணு என்றே வந்துவிட்டதால் 'நிழலணு' என்று வைக்கிறேன். தனிமடலில் கருத்துச் சொன்னவர்களையும் சேர்த்து, கொழுப்பழற்சிக்கு ஐவர், நிணவழற்சிக்கு இருவர். சுளைக்கு மூவர் மட்டுமே இசைந்திருக்கிறார்கள். மற்றவர்கள் எதையும் சொல்லவில்லை.

தமிழாசிரியர் எழுதியது:

அச்சு நிற்க வேண்டாம், அம்மா. ஆனால் சொல்லடைவில் நிணவழற்சிக்கும் ஒரு வரி இடம் கொடுங்கள். சுளைக்கு நான் இன்னும் இசையவில்லை என்பதையும் பதிந்துகொள்ளுங்கள்.