கல்லடிக் கடல் தண்ணியும் என் பவளத் தொட்டியும்: ஆளுக்கொரு ஆலோசனை

தொட்டி 200 லீற்றர். க்ளௌன் மீன் ஒரு சோடி, ஒரு லெதர் பவளம் (தோல் மாதிரி மென்மையான பவளம்), கொஞ்சம் சுவாந்திட் (சின்னப் பூப் போல விரியிற பவள இனம்). தொடங்கும்போதே ரெண்டு பேர் ரெண்டு விதமாச் சொன்னவை. கல்முனையில எட்டு வருசமாக் கடல் தொட்டி வச்சிருக்கிற நானா ஒருத்தர், "கடல் பக்கத்தில இருக்கு, தண்ணியில கரைக்கிற உப்புப் பைக்கு ஏன் காசு? மட்டக்களப்புக் கல்லடியில அள்ளி ஊத்துங்க தம்பி" எண்டார். கொழும்பில நான் சாமான் வாங்கின கடைக்காரரோ, "கடல் தண்ணி ஊத்தினா ஒரு மாசத்தில எல்லாம் முடிஞ்சிரும்" எண்டார். ரெண்டு பேரும் தங்கட தொட்டியைக் காட்டித்தான் பேசினவை. ரெண்டு தொட்டியும் அருமையா இருந்தது.

நான் நானா சொன்னதைக் கேட்டன். ஆடி, ஆவணியில ஒரு குறையும் இல்லை. மார்கழியில கிழமைக்கு 40 லீற்றர் வீதம் ரெண்டு தரம் தண்ணி மாத்தினன். அதுக்குப் பிறகு லெதர் விரியவே இல்லை. மேல்தோல் மெழுகு பூசின மாதிரிப் பளபளத்துச் சுருங்கிக் கிடந்தது.

கேட்ட இடமெல்லாம் ஒவ்வொரு மருந்து. லைற்றைக் கூட்டு, லைற்றைக் குறை, அயடின் விடு, பம்பைத் திருப்பு. "லெதர் இடைக்கிடை தோல் உரிக்கும், தொடாம விடு" எண்டும் ஒருத்தர் சொன்னார். அது உண்மைதான், லெதர் அப்படிச் செய்யும். அதை நம்பித்தான் ஒரு கிழமை பார்த்துக்கொண்டு இருந்தன். ஆனா பக்கத்தில சுவாந்திட்டும் மூடித்தான் கிடந்தது. சுவாந்திட் லெதர் மாதிரித் தோல் உரிக்கிறதில்லையே! ரெண்டு சாதி ஒரே நேரம் மூடினா பிழை தண்ணியில எண்டு எனக்கு அப்பவே விளங்கியிருக்க வேணும்.

என்னட்ட இருந்தது, தண்ணியின்ர அடர்த்தியை வச்சு உப்பைக் காட்டுற, முள் ஆடுற ஹைட்ரோமீற்றர். அது 1.025 (கடல் தண்ணியின்ர அளவு) எண்டு காட்டிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் ரோச் அடிச்சுப் பார்த்தா, முள்ளில சீனி மணி மாதிரிச் சின்னச் சின்னக் காற்றுக் குமிழி. குமிழி முள்ளைத் தூக்கும், உப்பைக் கூட்டிக் காட்டும். கூட்டாளி ஒருத்தன்ர றிஃப்ரக்ரோமீற்றரை (ஒளி வளையிறதை வச்சு உப்பை அளக்கிற கருவி) வாங்கி, உப்பு ஆயிரத்தில 35 பங்கு எண்டு தெரிஞ்ச திரவத்தில சரிபார்த்துப் போட்டுப் பார்த்தன். தொட்டியில 30. கேனில மிச்சம் இருந்த தண்ணியில 22. கடல் எண்டா 35க்குக் கிட்ட இருக்க வேணும்.

கரையில வலை பிரிச்சுக்கொண்டிருந்த ஐயா ஒருத்தரிட்டக் கேட்டன். "மனே, முகத்துவாரம் வெட்டிக் கன நாளாகுது. நீ அள்ளினது கடல் இல்ல, ஆத்துத் தண்ணி" எண்டார். வெள்ளம் கூடினா முகத்துவார மணல் திட்டை வெட்டித் தண்ணியைக் கடலுக்கு விடுவினம். வெள்ளத் தண்ணி கடல் தண்ணியை விட இலேசு, மேல மிதக்கும். நான் வாளியால அள்ளினது அந்த மேல் தண்ணியை. பிறகு உப்புக் கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஒன்பது நாளில 35க்கு ஏத்தினன். பன்னிரண்டாம் நாள் லெதர் ஒரு பக்கம் மட்டும் விரிஞ்சுது. வீட்டில எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினன்.

இன்னொண்டு. "பாசிக்குடாவில ஒரு கல் எடுத்துப் போடு, தொட்டி உடனே பழகிடும்" எண்டு சொல்ற ஆக்களும் இருக்கினம். தயவுசெய்து செய்ய வேணாம். கடும்பவளம் சட்டத்தால பாதுகாக்கப்பட்டது. பாசிக்குடா 1998இல சூடேறி வெளுத்துச் செத்த பவளத்திட்டு, இன்னும் முழுசா மீளேல்ல. காய்ஞ்ச கல்லைப் போட்டு, மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியத்துக்கு வரும் வரைக்கும் நாலு தொடக்கம் ஆறு கிழமை பொறுத்தாப் போதும்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகர்:

அண்ணா, எனக்கு ஃபேன் விசயத்தில இதே கதை. "சில்லர் (தண்ணியைக் குளிராக்கிற மிசின்) இல்லாமப் பவளம் வளராது" எண்டும் சொன்னாங்க, "மேசை ஃபேன் போதும்" எண்டும் சொன்னாங்க. கச்சான் காற்று வீசுற மாதங்களில பின்னேரம் தண்ணி 31 பாகைக்குப் போகும். ஃபேன் போட்டா 28க்கு இறங்கும். ஆனா ஒரு நாளைக்கு மூண்டு லீற்றர் ஆவியாப் போயிரும். அதுக்கு நான் உப்புத் தண்ணியே ஊத்தினன். ஆவியாப் போறது தண்ணி மட்டும், உப்பு அங்கேயேதான் நிக்கும் எண்டு யாரும் சொல்லேல்ல. ஒரு மாசத்தில உப்பு 39. ரெண்டு இறாலும் போயிட்டுது. இப்ப நல்ல தண்ணிதான் ஊத்துறன். மாரியில ஈரக் காற்று, ஃபேன் அவ்வளவா வேலை செய்யாது. ஆனா அப்ப அது தேவையும் இல்லை.

கல்முனையிலிருந்து இன்னொரு வாசகர்:

தம்பி, அந்த நானா நான்தான். வாசிச்சிட்டு மனம் சரியான கஷ்டமாப் போச்சு. நான் கல்லடியில அள்ளுறது சித்திரையில இருந்து புரட்டாதி வரைக்கும் மட்டும்தான். மழை தொடங்க முந்தியே நாலு பெரல் நிரப்பி, வெளிச்சம் படாம மூடி வச்சிருவன். மார்கழியில நான் ஊத்துறது அந்தத் தண்ணியை. எட்டு வருசப் பழக்கம், அதைச் சொல்ல வேணும் எண்டே தோணேல்ல. இப்ப ரெண்டு பெரல் மிச்சம் கிடக்கு. கேனைக் கொண்டு வாங்க.